ஆட்கள் மேல் பாயும் நாய்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுடையது பதினான்கு மாத லப்ரடோர். மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூட வானில் வந்திறங்கினால் வெள்ளைச் சீருடை முழுக்க அதன் கால் அடையாளம்தான். போன கிழமை அம்மம்மாவைக் கதிரையோடு சாய்க்கப் பார்த்தது. "டவுன், டவுன்" என்று கத்தியும் கேட்பதில்லை. அடிக்க மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அடிக்காமல் விட்டது நல்லது. குட்டிகள் தாயின் வாயை நக்கித்தான் அதை வரவேற்கும். மனிதரின் முகம் உயரத்தில் இருப்பதால் பாய்ந்து எட்டப் பார்க்கின்றன. இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது அது காலில் ஏறினால் எல்லாரும் தூக்கிக் கொஞ்சியிருப்பீர்கள். இன்று முப்பது கிலோவுக்குக் கிட்ட வந்தபிறகும் அதே கொஞ்சலைத்தான் கேட்கிறது. நீங்கள் கையால் தள்ளுவதை விளையாட்டென்று எடுத்துக்கொள்ளும். கத்தினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாக நினைக்கும். பாய்ந்தால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பது மட்டும் அதற்கு நன்றாகப் பாடமாகிவிட்டது. ஆகவே பாய்ச்சலுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. நாலு காலும் நிலத்தில் இருந்தால் கை நிறையக் கிடைக்க வேண்டும்.

முதலில் தீனி. கோழி நெஞ்சிறைச்சியை உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் போடாமல் அவித்து, கௌப்பி விதை அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்துக்குக் கேடு. கொடுக்கிற அளவைப் பார்த்து அன்றைய சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். லப்ரடோர் இலகுவில் கொழுக்கும்.

வீட்டில் விருந்தாளி இல்லாத நேரத்தில், ஐந்தாறு அடிப் பட்டியால் நாயை யன்னல் கிரில்லிலோ பாரமான மேசைக் காலிலோ கட்டுங்கள். எகிறும் நாய்க்குக் கழுத்துப்பட்டியைவிட நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ் பாதுகாப்பு. பட்டி எட்டாத தூரத்திலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். நாலு காலும் நிலத்தில் இருக்கிறதா? "குட்" என்று சொல்லி, ஒரு விநாடிக்குள் தீனியை அதன் வாய் மட்டத்திலோ அதற்கும் கீழேயோ கொடுங்கள். முன்னங்கால் எழும்பினால் வாய் திறக்காமல், முகம் பார்க்காமல், இரண்டடி பின்னால் போங்கள். கால் இறங்கியதும் திரும்ப நடந்து வாருங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு போதும்; மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யுங்கள்.

தீனியைக் கீழே கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையை நெஞ்சுயரத்தில் பிடித்தால் மூக்கு அதன் பின்னால் மேலே போகும், முன்னங்காலும் கூடவே எழும்பும். பலர் இந்த இடத்தில்தான் தாங்களே பாயப் பழக்குகிறார்கள்.

இன்னொரு சிக்கல், நாய் பாய்ந்துவிட்டு இறங்கிய கையோடு தீனி கொடுப்பது. அது "பாய், இறங்கு, தின்" என்று மூன்றையும் சேர்த்து ஒரே பாடமாகப் படித்துவிடும். பாய்ந்து இறங்கினால் நாலைந்து விநாடி காத்திருந்து, அதற்குள் மறுபடி எழும்பாவிட்டால் மட்டும் கொடுங்கள். அதைவிட நல்லது, பாய முன்னரே கொடுப்பது. பாயப்போகும் நாயின் பின்பக்கம் சற்றுத் தாழும், பாரம் பின்னங்காலுக்குப் போகும், முன்பாதம் நிலத்தில் பட்டும் படாமலும் இருக்கும். அந்தக் கணத்தைக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாலைந்து நாளில் நிற்கப் பழகியதும் "இரு" சொல்லிக் கொடுங்கள். குந்தியிருக்கும் நாயால் அதே நேரத்தில் பாய முடியாது. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நீங்கள் "இரு", பிள்ளைகள் "சிட்", வேலைக்கு வருபவர் சிங்களத்தில் வேறொன்று என்றால் நாய் எதைக் கேட்கும்? "டவுன்" படுப்பதற்கு மட்டும் இருக்கட்டும், பாய்வதைத் தடுக்க அந்தச் சொல் வேண்டாம்.

பிள்ளைகள் வரும் நேரம் தனிக் கதை. வான் ஹோர்ன் கேட்டதும் நாய் கிளம்பிவிடும், அதன்பிறகு பட்டியைத் தேடிப் பயனில்லை. அவர்கள் வர ஐந்து நிமிடம் முன்பே கட்டிவிடுங்கள். பிள்ளைகள் உள்ளே வந்ததும் எட்டுப் பத்துத் துண்டை நிலத்தில் சிதறிவிடுங்கள். மூக்கு கீழே இருக்கும்வரை கால் மேலே வராது. அதற்குள் அவர்கள் பையை வைத்து உடுப்பு மாற்றட்டும். கொஞ்சுவது அதற்குப் பிறகு, நாய் அடங்கியதும், குனிந்து இருந்துகொண்டு. ஓடுவதும் கீச்சிடுவதும் வேண்டாம்.

அம்மம்மாவை வைத்து இந்தப் பயிற்சி செய்யவே வேண்டாம். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால் சின்னக் கீறலிலும் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். நாய் தேறும்வரை அவர் நடமாடும் நேரம் அது பட்டியில், அல்லது மறு அறையில் இருக்கட்டும்.

தொடங்கிய முதல் கிழமை பாய்ச்சல் கூடும், குரைப்பும் சேரும். பழைய வழி பலிக்கவில்லை என்பதால் இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. இந்த இடத்தில் யாராவது ஒருவர் இரங்கித் தடவிவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். எப்போதோ ஒருதரம் விழும் லொத்தருக்காகத் தினமும் சீட்டு வாங்குபவரைப்போல, அதுவும் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். இந்த வயது லப்ரடோருக்குக் காலையும் மாலையும் அரை மணித்தியாலமாவது, மணந்து மணந்து நடக்க விடும் நடையும் வேண்டும். வெயில் ஏற முன், காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவ் பக்கம் கூட்டிப் போகலாம். ரயில் பாதையோரம் பட்டியைக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். ஓய்ந்த நாய் தானாகத் திருந்திவிடும் என்று எண்ண வேண்டாம், ஆனால் ஓடாத நாய்க்குப் பாடம் ஏறாது.

கேள்வி: நாங்கள் கட்டுப்பாடாக இருந்தாலும் வருகிறவர்கள் "பரவாயில்லை, எனக்கு நாய் விருப்பம்" என்று கையைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விருந்தாளிக்குப் பயிற்சி கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். உங்கள் தொடர்மாடியில் மரக் கதவுக்கு வெளியே கிரில் கேற் இருக்குமல்லவா? வந்தவர் கிரில்லுக்கு அந்தப் பக்கம் அரை நிமிடம் நிற்கட்டும். நீங்கள் நாய்க்குப் பட்டி போட்டு, அது குந்தியதும் கேற்றைத் திறவுங்கள். பாய்ந்தால் கேற் மூடும். பட்டியைக் காலால் மிதித்துப் பிடிப்பதும் உதவும்: நாய் நிற்கவும் குந்தவும் தாராளமாக இருக்கும் அளவுக்கு, எழும்ப மட்டும் போதாத அளவுக்கு விடுங்கள். தலையைக் கீழே இழுக்கும் அளவுக்கு இறுக்கினால் வந்தவரைக் கண்டாலே பயப்படத் தொடங்கும்.

பக்கத்து வீட்டில் தெரிந்த ஒருவரிடம், அரை மணித்தியாலத்தில் ஐந்தாறு தடவை பெல் அடித்து வந்து போகச் சொல்லுங்கள். முதல் தடவை எகிறும் நாய், ஐந்தாவது தடவையில் அதே ஆளைக் கண்டு வாலை மட்டும் ஆட்டும். அந்த நிதானத்துக்குத் தீனி கொடுங்கள். தீபாவளி, பிறந்தநாள் என்று பத்துப்பேர் வரும் நாளில் பாடம் எதுவும் வேண்டாம். கடித்து மெல்ல ஒரு எலும்புப் பொம்மையோடு நாயை அறைக்குள் விடுங்கள். கோழி எலும்பு கொடுக்காதீர்கள், சமைத்தது கூர்மையாக உடையும்.

கேள்வி: முழங்காலால் நெஞ்சில் ஒரு இடி, அல்லது பின்னங்கால் விரலை மிதித்தால் ஒரே நாளில் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: செய்யாதீர்கள். நெஞ்சில் இடித்தால் உள்காயம் வரலாம், விரல் எலும்பு மெல்லியது. பாய்வது நிற்கவும் கூடும். ஆனால் நாய் படிப்பது, ஆள் கிட்ட வந்தால் வலிக்கும் என்பதை. அப்படிப் பழகிய நாய் பின்னர் உறுமவும் கடிக்கவும் கூடும். துணிச்சலான நாயோ இடியை மல்யுத்தமென்று எடுத்து இன்னும் பலமாகப் பாயும்.

கேள்வி: எங்கள் நாய் பாய்ந்ததில் மகளின் கையில் நகம் கீறி இரத்தம் வந்தது. வீட்டு நாய்தானே, மருந்து பூசினால் போதுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: போதாது. உடனே குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நேரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பலர் ஒரு நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். விசர்நாய்க்கடி ஊசி வேண்டுமா என்பதையும் ஏற்பு ஊசியையும் டொக்டர் தீர்மானிக்கட்டும். விசர்நோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். நாயின் ஊசியை வருடந்தோறும் தவறாமல் போடுங்கள். நகத்தை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வெட்டுங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு நரம்புக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நகம் கறுப்பாக இருந்தால் நரம்பு தெரியாது. அப்போது நுனியைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவுங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் விடுங்கள்.