கமிஷன் தேதி தப்பாகப் பதிவானால் என்ன செய்வது? – கேள்வி பதில்

உச்சிப்புளிக்காரன் நான். 24 வருடம் ராணுவத்தில் கிளார்க் வேலை. அதில் கடைசி எட்டு வருடம் அதிகாரிகளின் சர்வீஸ் ஆவணங்கள்தான் என் மேசையில். ஊர் திரும்பிய பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. கேன்டீன் வரிசையிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "தேதி சரியா இருக்கான்னு பாருங்க" என்பார்கள். இந்த முறை அதிகாரிகளின் கமிஷன் தேதி, அதாவது அதிகாரியாக நியமனம் தொடங்கும் தேதி பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, என் தம்பி பரங்கிமலையில் பயிற்சி முடித்து செப்டம்பரில் லெப்டினன்ட் ஆனான். கெசட்டை எடுத்துப் பார்த்தால் பிப்ரவரி மாதத் தேதி போட்டிருக்கிறது. அஞ்சு மாசம் போச்சா?

பதில்: ஒன்றும் போகவில்லை தம்பி. நீங்கள் பார்த்தது பக்கத்தின் தலையில் இருக்கும் தேதி. அது அந்த இதழ் வெளியான சனிக்கிழமை, அவ்வளவுதான். பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி நியமனங்கள் இந்திய அரசிதழில், அதாவது கெசட்டில், பகுதி 1, பிரிவு 4-ல் வரும். சில மாதம் தள்ளி வருவது சாதாரணம். உள்ளே பெயருக்கு நேராகவோ பட்டியலுக்கு மேலே உள்ள வாசகத்திலோ, 'இந்தத் தேதி முதல்' என்று ஒன்று இருக்கும். அதுதான் கமிஷன் தேதி. அதை ஜனாதிபதியின் பெயரில் வந்த கமிஷன் பத்திரத்தோடும், பார்ட் டூ ஆர்டரோடும் (சேவை விவரங்களைப் பதிவு செய்யும் ராணுவ ஆணை), புனேயிலிருந்து வரும் சம்பளக் கணக்கோடும் ஒத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே தேதி இருந்தால் அப்பாவை நிம்மதியாகக் கடலுக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி (சாயல்குடி): ஐயா, என் மகன் டேராடூனில் ஜூன் மாதம் கமிஷன் வாங்கினான். நானும் அவன் அம்மாவும் போய் நின்று தோளில் நட்சத்திரம் குத்தினோம். பார்ட் டூ ஆர்டரில் தேதி சரியாக இருக்கிறது, மாதம் மட்டும் ஜூலை என்று விழுந்திருக்கிறது. ஒரு மாசம்தானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறான். விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரியின் வாழ்க்கையில் எல்லாக் கணக்கும் கமிஷன் தேதியில்தான் தொடங்குகிறது. 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். 2004 டிசம்பரிலிருந்து இதுதான் வரிசை. இவை மூன்றும் அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறவை. அந்தத் தேதி ஒரு மாதம் தள்ளினால் மூன்றும் ஒரு மாதம் தள்ளும். பென்ஷனுக்கு அதிகாரிக்குப் பொதுவாக 20 வருட சேவை வேண்டும். அதையும் இதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் இன்கிரிமென்ட். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு அது வருடத்தில் இரண்டே நாளில்தான் கிடைக்கும்: ஜனவரி 1, ஜூலை 1. ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை பதவிக்கு வந்தவருக்கு அடுத்த ஜனவரியில் கிடைக்கும். ஜூலை 2-லோ அதற்கு மேலோ வந்தவர் அடுத்த வருடம் ஜூலை வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மகனின் தேதி இந்தக் கோட்டைத் தாண்டி விழுந்திருக்கிறது. அவன் ஒரு மாதம் என்கிறான். இன்கிரிமென்டில் அது ஆறு மாதம்.

சம்பளத்தைவிடப் பெரியது சீனியாரிட்டி. ஒரே நாளில் கமிஷன் வாங்கியவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதைப் பயிற்சியில் எடுத்த தகுதி வரிசை தீர்மானிக்கும். தேதியே பிந்தியிருந்தால் அந்த வரிசைக்கு வேலையே இல்லை. கூடப் படித்த அத்தனை பேருக்கும் பின்னால் உங்கள் மகன் போய் நிற்பான்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மேஜரின் கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கையெழுத்து ரெஜிஸ்டர். அதை எழுதியவர் 1 என்ற எண்ணுக்குத் தலையில் சின்னதாக ஒரு கொடி வைப்பவர். மை கொஞ்சம் இழுபட்டு அந்த 1, 7 மாதிரி நின்றது. அடுத்து டைப் அடித்தவர் 7 என்றே அடித்துவிட்டார். அதிலிருந்து சம்பளக் கணக்கு, அதிலிருந்து சீனியாரிட்டிப் பட்டியல் என்று பதினோரு வருடம் அந்த 7 ஓடிவந்திருக்கிறது. அந்த மேஜர் ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை. மூலத்தைத் தேடிப் பிடித்துத் திருத்த எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல் வருடமே கேட்டிருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும். மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): கடிதம் என்று சொல்கிறீர்களே, அதில் என்ன எழுத வேண்டும்? என் கணவருக்கு ஃபீல்டில் போஸ்டிங், என்னைத் தயாரித்து அனுப்பச் சொல்கிறார்.

பதில்: புகார் மாதிரி எழுதாதீர்கள் அம்மா. அது எழுத்துப்பிழையைத் திருத்தக் கோரும் விண்ணப்பம். ஒரு பக்கம் போதும். சாரம் இப்படி இருக்கட்டும்:

"என் கமிஷன் பத்திரத்தில் இன்ன தேதி முதல் என்றும், இன்ன எண்ணுள்ள பார்ட் டூ ஆர்டரில் இன்ன தேதி முதல் என்றும் உள்ளது. பின்னதை முன்னதற்கு ஏற்பத் திருத்தி ஆணையிட வேண்டுகிறேன். அதன் தொடர்ச்சியாக என் பதவி உயர்வுத் தேதிகளையும் இன்கிரிமென்ட் தேதியையும் சீனியாரிட்டி இடத்தையும் திருத்த வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கமிஷன் தேதி மட்டும் திருத்தப்பட்டு, கேப்டன் தேதியும் மேஜர் தேதியும் பழையபடியே கிடக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். விண்ணப்பம் அவருடைய கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் தலைமையகத்துக்குப் போக வேண்டும். கமிஷன் பத்திரத்தின் நகலையும் கெசட் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். தப்பு கெசட்டிலேயே இருந்தால் அமைச்சகம் பிழைதிருத்த அறிவிக்கை வெளியிடும். 'இதற்குப் பதில் இப்படி வாசிக்கவும்' என்று இரண்டு வரியில் அது வரும். பார்ட் டூ ஆர்டரில் மட்டும் என்றால் இன்னொரு பார்ட் டூ ஆர்டர் போட்டுத் திருத்துவார்கள். பழையதன் மேல் பேனாவால் அடித்து எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது நிற்காது.

கேள்வி (திருப்புல்லாணி): அண்ணா, பயிற்சியில் முழங்கால் முறிந்து ஒரு டெர்ம் பின்னால் போட்டுவிட்டார்கள். அடுத்த கோர்ஸோடு கமிஷன் ஆனேன். காயம் என் தப்பு இல்லை. முதல் கோர்ஸின் தேதியைக் கேட்கலாமா?

பதில்: இதைச் சொல்ல எனக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. இது பிழைதிருத்தம் இல்லை. உங்களுக்கு எந்த நாளில் கமிஷன் கிடைத்ததோ அதுதான் சரியாகவே பதிவாகியிருக்கிறது. நீங்கள் கேட்பது வேறு தேதி. காகிதத்தில் இருக்கும் தப்பை மூலத்துக்கு ஏற்பச் சரிசெய்வது ஒன்று. மூலத்தையே மாற்றச் சொல்வது இன்னொன்று. முன்தேதியிட்ட சீனியாரிட்டி சில பிரிவுகளில், சில படிப்புத் தகுதிகளுக்கு விதிப்படி உண்டு. அப்படி ஒரு விதி உங்கள் பிரிவில் இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். விதி இல்லாமல் நியாயத்தை மட்டும் வைத்துக் கேட்டால் வருடங்கள் போகும். உங்களுக்கு முன்னால் பெரிய சர்வீஸ் காத்திருக்கிறது.

கேள்வி (தொண்டி): சிப்பாயாகச் சேர்ந்து ஏழு வருடம் கழித்து ஆர்மி கேடட் காலேஜ் வழியாக அதிகாரி ஆனேன். சேர்ந்த தேதியையே கமிஷன் தேதியாக்க முடியுமா?

பதில்: முடியாது. ஆனால் அந்த ஏழு வருடம் பென்ஷன் கணக்கில் வர வேண்டும். வந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கேள்வி (பாம்பன்): என் அக்கா 2006-ல் ஷார்ட் சர்வீஸில் (குறுகிய கால கமிஷன்) போனாள். பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர கமிஷன் தரச் சொன்ன 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிரந்தர கமிஷன் கிடைத்தது. கெசட்டில் இப்போது புதுத் தேதி. பழைய வருடங்கள் அழிந்துவிட்டனவா?

பதில்: அழியவில்லை தங்கச்சி. அக்காவுக்கு இரண்டு தேதிகள் உண்டு: ஷார்ட் சர்வீஸ் கமிஷன் தேதி ஒன்று, நிரந்தர கமிஷன் தேதி ஒன்று. கெசட்டில் இப்போது வந்தது இரண்டாவது. முதல் தேதியிலிருந்து செய்த சேவை பென்ஷனுக்குச் சேரும். அதிகாரியின் அடையாள எண்ணான பர்சனல் நம்பரும் மாறியிருக்கும். பழைய நம்பரில் கிடக்கும் ஆவணங்கள் புது நம்பரோடு சேர்ந்தனவா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை தேதிக் குழப்பம் அதிகம் நடப்பது இந்த மாற்றத்தின்போதுதான்.

கேள்வி (கீழக்கரை): என் வாப்பா ஓய்வு பெற்ற மேஜர். கமிஷன் தேதி மூன்று மாதம் பிந்திப் பதிவாகியிருந்ததை இப்போதுதான் கண்டுபிடித்தோம். ஓய்வு பெற்றே 15 வருடம் ஆகிவிட்டது. இனி கேட்க முடியுமா?

பதில்: பாதி முடியும், பாதி முடியாது. எது எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. சம்பளம், பென்ஷன் தப்பாக நிர்ணயமாகியிருந்தால் அது மாதாமாதம் தொடரும் தப்பு. தாமதமாகக் கேட்டாலும் திருத்தலாம், ஏனென்றால் அதனால் வேறு யாருக்கும் பாதிப்பு இல்லை. நிலுவைத் தொகை மட்டும் பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். சீனியாரிட்டி, பதவி உயர்வு அப்படியில்லை. அங்கே ஒருவரை முன்னால் ஏற்றினால் இன்னொருவர் கீழே இறங்க வேண்டும். அதனால் தாமதம் அந்தக் கோரிக்கையைக் கெடுத்துவிடும். வாப்பாவுக்கு அந்த மூன்று மாதத்தால் பென்ஷன் குறைந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள். அப்போது கிடைக்காமல் போன பதவி உயர்வை இப்போது கேட்டால் கிடைப்பது அரிது.

இன்னொன்று. வருடத்துக்கு ஒரு மனு போட்டுக்கொண்டே இருந்தால் காலம் உயிரோடு இருக்கும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. தப்பு. நம் தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கில், அதே 2008-ல், பழைய கோரிக்கைக்கு இப்போது ஒரு பதில் வந்துவிட்டதாலேயே அது புதிதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி (ராமநாதபுரம்): தலைமையகம் பதிலே தரவில்லை. அடுத்து எங்கே போவது?

பதில்: ராணுவ அதிகாரி என்றால் ராணுவச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி மத்திய அரசுக்குச் சட்டப்பூர்வ முறையீடு செய்யலாம். ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. முடிவு வந்து அது பாதகமாக இருந்தால், வந்த நாளிலிருந்து ஆறு மாதம். முறையீடு செய்யாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். முறையீடு கொடுத்த அன்றே ஒப்புகை வாங்கி, வீட்டுக் காலண்டரில் ஆறாவது மாதத்தில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்கிடையில் உங்கள் சொந்த ஆவணத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி (மண்டபம்): நான் கடலோரக் காவல்படை அதிகாரி. எனக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை சார், இதில் பலர் ஏமாறுகிறார்கள். கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு 1978-ஆம் வருடத்துத் தனிச் சட்டம். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ராணுவம், கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். உச்சிப்புளியில் உள்ள பருந்து கடற்படை விமானத் தளத்தில் இருக்கும் கடற்படை அதிகாரி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மண்டபத்தில் இருக்கும் நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி (வாலிநோக்கம்): ஆகஸ்ட் 15 பட்டியலில் எனக்கு ஆனரரி (கௌரவ) லெப்டினன்ட். ஓய்வு பெற்றது அதே ஆகஸ்ட் 31. பி.பி.ஓ.வில் (பென்ஷன் ஆணையில்) சுபேதார் மேஜர் என்றே இருக்கிறது.

பதில்: சாகேப், அந்த 17 நாளும் நீங்கள் சீருடையில் இருந்தீர்கள். சர்வீஸில் இருக்கும்போது வரும் ஆனரரி கமிஷன் பென்ஷனில் கணக்காக வேண்டும். ஓய்வுக்குப் பிறகு வருவதென்றால் கௌரவம் மட்டும்தான். ஆனரரி கமிஷனுக்கான பார்ட் டூ ஆர்டர் நகலோடு உங்கள் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, திருத்திய பி.பி.ஓ. கேளுங்கள். ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்திலும் ரேங்க் மாறியதா என்று பாருங்கள். எழுதத் துணை வேண்டுமென்றால் ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அல்லது உச்சிப்புளிக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.

கேள்வி (ராமேஸ்வரம்): எங்கள் தாத்தா 1962 போருக்குப் பிறகு எமர்ஜென்சி (அவசரகால) கமிஷனில் அதிகாரியானவர். அவர் காகிதங்கள் எல்லாம் 1964 புயலில் தனுஷ்கோடி வீட்டோடு போய்விட்டன. பாட்டியின் குடும்பப் பென்ஷன் ஆவணத்தில் கமிஷன் வருடமே தப்பாக இருக்கிறது. எதை வைத்துக் கேட்பது?

பதில்: கடல் கொண்டுபோனது உங்கள் வீட்டுப் பிரதியைத்தான் தம்பி. அரசிதழில் அச்சானது அப்படியே இருக்கிறது. இ-கெசட் இணையதளத்தில் பழைய இதழ்களையும் ஏற்றியிருக்கிறார்கள். 1963, 1964 இதழ்களில் பகுதி 1, பிரிவு 4-ஐ வாரம் வாரமாகப் புரட்டுங்கள். தேடும் பெட்டியில் பெயரை அடித்தால் கிடைக்காது, ஸ்கேன் செய்த படங்கள் அவை. எழுத்து மங்கலாக இருக்கும். தாத்தாவின் முதலெழுத்துகள் ஆங்கிலத்தில் எப்படி இருந்தன என்று பாட்டியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்ததும் முதல் பக்கத்தையும் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்துப் பிரிண்ட் எடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் நூலில் கட்டுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, சரியாகத் தேதி இருக்கும் மூலையைத்தான் தின்னும். என்னிடம் வரும் பழைய காகிதங்களில் பாதி அப்படித்தான் வருகின்றன.