அஸ்தியை எங்கே கரைப்பது? பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

அல்சூரிலிருந்து ஒருவர்: ஐயா, அப்பா தினமும் அல்சூர் ஏரிக்கரையில் நடப்பார். அங்கேயே கரைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அது தேங்கிய நீர். 2016இல் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்த ஏரி. அஸ்தியில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், தண்ணீரில் எளிதில் கரையாது. ஆறென்றால் இழுத்துப் பரப்பிவிடும், ஏரியில் போட்ட இடத்திலேயே படிந்து கிடக்கும். அப்பாவை நினைத்து அந்தக் கரையில் நடந்துவாருங்கள். அஸ்தி காவிரிக்குப் போகட்டும்.

ஜெயநகரிலிருந்து ஒரு பெண்மணி: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பச்சிமவாகினியா, சங்கமமா?

இரண்டும் நல்ல இடங்கள்தான் அம்மா. பச்சிமவாகினியில் காவிரி மேற்கு நோக்கித் திரும்புகிறது. 1948இல் காந்தியடிகளின் அஸ்தியும் அங்கே கரைக்கப்பட்டது. சடங்கு செய்துவைப்பவர்கள் படித்துறையிலேயே கிடைப்பார்கள். ஆனால் நெரிசல் அதிகம். தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த ஆறு மீண்டும் சேரும் இடம் சங்கமம். அங்கே வெளி அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பரிசல் ஏற வந்த கூட்டத்தின் நடுவே நின்று அழக்கூட முடியாது.

கோடையில் நீர் இறங்கிப் பாறை தெரியும். ஓட்டமுள்ள இடம் எது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். ஆடி மாதத்தில் ஆபத்து நேர்மாறானது. மேலே உள்ள கிருஷ்ணராஜசாகர் அணை 124.80 அடி நிரம்பி நீரைத் திறந்துவிட்டால் படிகள் மூழ்கிவிடும். அன்று காலைச் செய்தி பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கலயத்தைச் சுற்றிய துணி, பிளாஸ்டிக் பை, இறந்தவரின் உடைகள் எதையும் ஆற்றில் விடாதீர்கள். அந்தப் படித்துறைகளில் துணிக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அதே நீரைத்தானே நாம் இங்கே குழாயில் பிடித்துக் குடிக்கிறோம்?

இந்திராநகரிலிருந்து: அண்ணன் பவானி கூடுதுறை என்கிறார், நான் ஸ்ரீரங்கப்பட்டணம் என்கிறேன்.

பங்கிட்டுக்கொள்ளுங்கள், குறையொன்றும் இல்லை. நேரு தன் உயிலில் ஒரு கைப்பிடியைக் கங்கைக்கும் மீதியை விமானத்திலிருந்து உழவர் பாடுபடும் வயல்கள் மேலும் தூவச் சொன்னார். 1964இல் அப்படியே செய்தார்கள்.

ஒயிட்பீல்டிலிருந்து: அம்மாவுக்குச் செடிகள் உயிர். மாங்கன்றுக்கு அடியில் போடலாமா?

மொத்தமாகக் கொட்டினால் கன்று கருகிவிடும். அஸ்தியில் காரமும் உப்பும் மிகுதி. இரண்டு பிடி எடுத்து, கூடை கூடையாக மண்ணும் தொழுவுரமும் கலந்து, வேரை விட்டுத் தள்ளிப் பரப்புங்கள். அதைவிட முக்கியம், அந்த நிலம் யாருடையது என்பது. நாளை விற்றுவிட்டால் உள்ளே போய் நிற்கவும் உரிமை இராது. சொந்த ஊரில், கைமாறாது என்று நம்பக்கூடிய தோட்டமாக இருந்தால் செய்யுங்கள்.

கெங்கேரியிலிருந்து: தாத்தாவுக்குக் காடு பிடிக்கும். மேகதாது?

அது காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதி. முதலில் வனத்துறையைக் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும், பாறையிடுக்கில் ஆறு சீறிப் பாயும் இடத்துக்குக் கலயத்தோடு போகவே போகாதீர்கள். வழுக்கி விழுந்து இறந்தவர்கள் பலர். அர்க்காவதி வந்து சேருமிடத்தில் கரையில் நின்றபடி தூவினால் போதும்.

பானஸ்வாடியிலிருந்து: தம்பி வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதமாகும். அதுவரை வைத்திருக்கலாமா?

தாராளமாக. பால் தெளித்ததால் ஈரமாக இருந்தால், நிழலில் துணிமேல் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகு மண்கலயத்தில் கட்டுங்கள். வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் இல்லையென்றால் தகனம் செய்த மயானத்திலேயே கேட்டுப்பாருங்கள். பல இடங்களில் வைத்துக்கொள்வார்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.