ஏற்றத்துக்கு என்ஜினா, கியரா?

கேள்வி: அண்ணே, என்னிடம் 2006 மாடல் மாருதி ஜிப்ஸி இருக்கிறது. போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் மண்பாதைக்காகவே வாங்கினேன். போன வருடம் 31 இன்ச் டயர் மாட்டினேன். அதிலிருந்து ஏற்றத்தில் திணறுகிறது. உர மூட்டை ஏற்றினால் பாதி வழியில் ஆஃப் ஆகிவிடுகிறது. பழைய மாருதி பலேனோ காரின் 1.6 லிட்டர் என்ஜினை ஏற்றிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். இன்னொருவர் டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியில், லோ கியர் செட் போடு என்கிறார். இரண்டையும் செய்ய வசதி இல்லை. எதைச் செய்யட்டும்?
– ஏல விவசாயி, போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, கியரைப் பாருங்கள். என்ஜினைத் தொட வேண்டாம். உங்கள் கடிதம் முழுக்க ஏற்றத்தைப் பற்றியே இருக்கிறது, இறக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அந்த இறக்கம்தான் கவலை.

2011-ல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக்காரரின் ஜிப்ஸிக்கு நானே பலேனோ என்ஜின் ஏற்றிக் கொடுத்தேன். மவுண்டிங், ரேடியேட்டர், வயரிங் என்று பதினெட்டு நாள் வேலை. ட்ரையல் பார்க்க அவர் தோட்டத்துப் பாதையில் ஏறினேன். முன்பு திணறிய இடமெல்லாம் சர்ரென்று போனது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவை, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோவில்), முதல் கியர், ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. அப்படியும் வண்டி என் பிடிக்குள் நிற்காமல் ஓடப் பார்த்தது. பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினேன். மூன்றாவது வளைவுக்குள் கருகல் வாடை வந்துவிட்டது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மேட்டுப் பக்கத்து மண்ணில் இடது சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், ரிம் ஓட்டை வழியாக டிஸ்க்கில் விழுந்த மழைத்துளி ஒவ்வொன்றும் சுர்ரென்று ஆவியானது. பக்கத்து சீட்டில் தோட்டக்காரரின் மகன் இருந்தான், ஏழாவது படிக்கிற பிள்ளை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் வண்டியின் கம்பெனி டயர் 205/70 R15. அதன் உயரம் 26 இன்ச்சைக் கொஞ்சம் தாண்டும். அந்த இடத்தில் 31 இன்ச் போட்டதால் சக்கரத்துக்குப் போகும் இழுவையில் சுமார் 15 சதவீதம் போய்விட்டது. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 70-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நோய் அங்கே இருக்கிறது, என்ஜினில் இல்லை.

உங்கள் என்ஜின் 80 குதிரைத்திறன். அதன் முழு முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்.பி.எம்.மில்தான் கிடைக்கும். கல்லும் குழியுமான ஏற்றத்தில் நடை வேகத்தில் போகும்போது என்ஜின் 1500-ல் கூடச் சுற்றாது. உடனே ஹாஃப் கிளட்ச் பிடிப்பீர்கள், பிளேட் எரியும். பலேனோ என்ஜின் சுமார் 130 நியூட்டன் மீட்டர் தரும். கால் பங்கு கூடுதல், அவ்வளவுதான். கியர் கதை வேறு. ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 2.268. இந்த எண் கூடக்கூட வேகம் குறையும், இழுவை கூடும்; அதைத்தான் கியர் கீழே என்கிறோம். வெளிநாட்டில் சாமுராய் என்ற பெயரில் ஓடிய இதே வண்டிக்காகச் செய்த 4.16 செட்டைப் போட்டால் ஃபோர் லோவில் இழுவை 1.83 மடங்கு. அதே நடை வேகத்தில் என்ஜினும் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகமாகச் சுற்றும். அதாவது உங்கள் சின்ன என்ஜின் தனக்குத் தெம்புள்ள இடத்துக்கு வந்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில், ஃபோர் லோ முதல் கியரில் இப்போது மணிக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர் போகிற வண்டி, அப்போது 2 கிலோமீட்டர் அளவில் ஊரும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே என்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தக் கோத்தகிரி வண்டிக்கும் பிறகு இதைத்தான் போட்டேன். அதே பாதையில் காலைத் தரையில் வைத்துக்கொண்டே இறக்கினேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் 4.16 வாங்கிவிடாதீர்கள். முதலில் 31 இன்ச்சைக் கழற்றி 235/75 R15 போடுங்கள். அது 29 இன்ச் வரும். ஏலத்தோட்டத்துச் சேற்றுக்கு அது தாராளம். அடுத்து பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய 970 சிசி ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் ஹை (சாதாரண ரோட்டு ஓட்டத்துக்கானது) 1.580, லோ 2.511. உங்களுடையதைவிட ஹை 12 சதவீதமும், லோ 11 சதவீதமும் கீழே. பெரிய டயர் தின்றதை இது திருப்பித் தந்துவிடும், ரோட்டிலும் வண்டி இலேசாக இழுக்கும். வாங்குமுன் மவுண்டிங் தாங்கிகளையும், ஷாஃப்ட் மாட்டும் பிளேன்ஜ் ஓட்டைகளையும் உங்கள் கேஸோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பற்களில் விரல் நகத்தை ஓட்டுங்கள், குழி தட்டுப்பட்டால் வேண்டாம். இவ்வளவும் செய்து, ஆறு மூட்டையோடு ஃபோர் லோ முதல் கியரில் இன்னும் திணறினால் அப்போது 4.16.

அது வந்த பிறகு ஒரு ஜாக்கிரதை. இழுவை கூடினால் ஆக்ஸிலுக்குப் போகும் முறுக்கும் கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அமுக்கினால் முன் சக்கர ஜாயிண்ட் உடைந்துவிடும். மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு மெல்ல எடுங்கள்.

என்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதையும் உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டயர் விஷயத்திலும் இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, என் பழைய மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப்பில் கிரவுன் பினியனை (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை) மாற்றி இழுவையைக் கூட்ட நினைக்கிறேன். பின் ஆக்ஸிலில் மட்டும் மாற்றினால் செலவு பாதியாகுமே?
– ஓட்டுநர், வால்பாறை

பதில்: கூடவே கூடாது. முன் விகிதமும் பின் விகிதமும் ஒன்றாக இருந்தால்தான் ஃபோர் வீல் போட முடியும். வேறுபட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றப் பார்க்கும், பின் சக்கரம் இன்னொரு வேகத்தில். சேற்றில் டயர் வழுக்கி அதைத் தாங்கிக்கொள்ளும். காய்ந்த பாறையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டிலும் ஏறி ஏதாவது ஒன்று உடையும். காசு சேரும்வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். மாற்றும்போது பழைய பினியன் பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள்.