ஈட்டி மரக் கட்டில் காலில் குரோக்கே மட்டை செய்யலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருக்கிறேன். வயது 62, உயரம் 5 அடி 4 அங்குலம். ஓய்வு பெற்றபின் பக்கத்து கிளப்பில் குரோக்கே பழகுகிறேன், புல்தரையில் பந்தை மட்டையால் அடித்துக் கம்பி வளையத்துக்குள் அனுப்பும் ஆட்டம். கிளப் மட்டையால் அடித்தால் பந்து வளையத்துக்குள் போகாமல் கம்பியில் மோதித் திரும்புகிறது. லிக்னம் வைட்டே மரத்தில் செய்த பழைய மட்டைதான் சரி என்று ஒரு பழம்பொருள் வியாபாரி பெரிய விலை சொல்கிறார். நாகர்கோவிலில் தாத்தாவின் ஈட்டி மரக் கட்டில் உடைந்து கிடக்கிறது. அதன் காலில் மட்டைத் தலை செய்துகொள்ளலாமா? கட்டையைப் பாத்திரங்களோடு போட்டு அனுப்பிவிடுவதாக ஒரு கார்கோ ஏஜெண்ட் சொல்கிறார்.

பதில்: செய்யலாம். ஆனால் கட்டையாகக் கொண்டுவராதீர்கள், அந்த ஏஜெண்டிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மரம். குரோக்கே மட்டை என்கிறோமே தவிர, உருவத்தில் அது நம் ஆசாரிகளின் மரச் சுத்தியலான கொட்டாப்புளிதான். காம்பு மட்டும் நீளம். மொத்த எடை ஏறக்குறைய 3 பவுண்டு, அதாவது 1,360 கிராம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். காம்பும் பிடியும் 350 கிராம் போக, தலைக்கு ஆயிரம் கிராம் வேண்டும். 10 அங்குல நீளம், இரண்டேகால் அங்குலச் சதுரத்தில் தலை செய்தால் லிக்னம் வைட்டே தானாகவே அந்த எடைக்கு வந்துவிடும். தண்ணீரில் மூழ்கும் மரம் அது. அந்தக் காலத்தில் அதைத் தேடிப் போனதற்கு அந்தக் கனமும், அடி தாங்கும் வைரமும்தான் காரணம். வியாபாரி சொல்லும் மந்திரம் எதுவும் அதில் இல்லை.

அதே அளவில் ஈட்டித் தலை 685 கிராம்தான் வரும். 300 கிராம் குறைகிறது. குறைவதுதான் நல்லது! அந்த 300 கிராமை நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம் அல்லவா? கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் ஏன் நீளக் கம்பு வைத்திருக்கிறார்? எடை நடுவிலிருந்து தள்ளி இரண்டு கோடியிலும் இருந்தால் சட்டென்று திரும்பாது. மட்டையும் அப்படித்தான். பந்தை மட்டைத் தலையின் முகத்தில் நட்ட நடுவில் அடிக்காமல் அரை அங்குலம் தள்ளி அடித்துவிட்டால் தலை திருகும், பந்து கோணிக்கொண்டு போகும். பந்தின் விட்டம் 92 மில்லிமீட்டர். வளையத்தில் அதற்கு மேல் இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் சேர்த்து 3 மில்லிமீட்டர்தான், பெரிய போட்டிகளில் அவ்வளவுகூடக் கிடையாது. உங்கள் பந்து கம்பியில் மோதுவதற்கு இந்தத் திருகலும் ஒரு காரணம்.

லேத் பட்டறையில் 25 மில்லிமீட்டர் பித்தளை ராடில் 4 சென்டிமீட்டர் துண்டு இரண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். தலையின் இரண்டு முனையிலும் நேராகத் துளையிட்டு உள்ளே இறக்கி அரால்டைட் போட்டு ஒட்டி, மேலே 8 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட்டை (பிசின் ஊற்றி அழுத்திய கெட்டித் தகடு) முகமாக ஒட்ட வேண்டும். இழந்த மரம் போக ஒரு பக்கத்துக்கு 150 கிராம் ஏறும். என் கணக்குப்படி இந்தத் தலை அதே எடையுள்ள லிக்னம் தலையைவிடத் திருகலை ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக எதிர்க்கும். இரண்டு துண்டும் ஒரே எடைதானா என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். விதிப்படி இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே மாதிரி அடிப்பவையாக இருக்க வேண்டும். முகப்பொருள் மரத்தைவிடப் பெரிய சாதகம் எதுவும் தரக்கூடாது. ஹைலம் அதில் அடங்கும். குறி பார்க்கத் தலையின் மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம், கண்ணாடி, முள் என்று எதையும் மாட்டக்கூடாது.

கட்டில் காலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சட்டம் கோக்கும் துளை எங்கே இருக்கிறது, கடைசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வெளிறு (மரத்தின் வைரம் ஏறாத வெளிப்பகுதி) இல்லாமல், துளை இல்லாமல், 24 சென்டிமீட்டர் வைரம் பாய்ந்த நேர்க்கட்டை கிடைத்தால் காலை எடுங்கள். கிடைக்காவிட்டால் தலைமாட்டுப் பலகையை அறுத்து, ரேகை நீளவாக்கில் ஓடும்படி அடுக்கி ஒட்டலாம். ஒட்டுத் தலை மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது ஏஜெண்ட். ஈட்டி, கருங்காலி என்று எந்த மரத்தின் பெயரைச் சொன்னாலும் 'நான் பார்த்துக்கறேன் சார்' என்று சொல்ல ஒரு ஆள் எங்கிருந்தோ வந்துவிடுகிறார். பெட்டியின் மேல் 'பழைய பாத்திரம்' என்று எழுதுவார். துறைமுகத்தில் பிடித்தால் பெட்டியில் இருப்பது உங்கள் பெயர், அவருடையது அல்ல. எனக்கே நடந்திருக்கிறது. ஒரு ஏஜெண்டை நம்பி இரண்டு துண்டு ஈட்டிப் பலகை அனுப்பச் சொன்னேன். பலகையும் போயிற்று, கூட இருந்த அம்மாவின் ஆட்டுக்கல்லும் போயிற்று. பலகைக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஈட்டி டல்பெர்ஜியா பேரினத்து மரம். 2017 ஜனவரியில் அந்தப் பேரினம் கிட்டத்தட்ட முழுவதையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் போட்டார்கள், அதாவது அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு தாண்டக்கூடாது. காடு அழிகிறது, கட்டுப்பாடு வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கிதார்க்காரர்கள் உலகமெங்கும் கூச்சல் போட்டதும் 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. குரோக்கே ஆடுபவர்கள் கூச்சல் போடும் ரகமா! நமக்கு மிஞ்சியது அதே திருத்தத்தில் இருக்கும் இன்னொரு வரிதான்: முழுதாகச் செய்து முடித்த பொருள், அதில் உள்ள ஈட்டி மரம் ஒரு அனுப்புதலுக்கு 10 கிலோவுக்குள் இருந்தால் விலக்கு. இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள், எல்லாரும் இங்கேதான் இடறுகிறார்கள். உங்கள் கட்டில் செய்து முடித்த பொருள்தான், ஆனால் 10 கிலோவைத் தாண்டும். கட்டில் கால் 10 கிலோவுக்குள்தான், ஆனால் அது செய்து முடித்த பொருள் இல்லை, வெறும் கட்டை. பாதி இழைத்த தலையும் கட்டைதான். 'இங்கே வந்து காம்பு போட்டுக்கொள்கிறேன்' என்றால் அதிகாரி உங்களைப் பார்த்துச் சிரிப்பார். தலையும் காம்பும் பிடியுமாக, எடுத்து ஆடலாம் என்ற நிலையில் மட்டையாக இருந்தால் 700 கிராம் ஈட்டி, விலக்குக்குள் வந்துவிடும். ஒரே மரம், ஒரே கால்! ஆசாரியின் பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு சட்டம், போய் வந்த பின் ஒரு சட்டம்.

ஆகவே ஊருக்குப் போகும்போது அங்கேயே முழு மட்டையாகச் செய்துகொள்ளுங்கள். உடைந்த கட்டிலை நாலு படம் எடுத்து வையுங்கள். ஆசாரியிடம் கூலி ரசீது வாங்குங்கள். கிளம்புமுன் வனத்துறையிடம் எழுத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் வர மாதக்கணக்காகும், அதனால் இப்போதே எழுதிப் போடுங்கள்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் இங்கேயே மேப்பிள், பீச் என்று எந்த மரக்கடையிலும் கிடைக்கும். ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. தாத்தா கட்டில் என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

வியாபாரியின் மட்டையை இன்னும் வாங்கும் ஆசை இருந்தால், காம்புத் துளையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சிறு சீவல் எடுக்க அனுமதி கேளுங்கள். தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி விடுங்கள். லிக்னம் என்றால் அடியில் போய் உட்காரும். மிதந்தால் அது சாயம் பூசிய வேறு ஏதோ மரம். அனுமதி தர மறுத்தால் சீவலே தேவையில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கிளப் மட்டைகள் பெரும்பாலும் 36 அங்குலம். உங்கள் உயரத்துக்கு அது நீளம். காம்பின் நடுவில் பிடித்துக் குனிந்து ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், மேல்முனை வயிற்றில் இடிக்கும். புல்லில் ஆடும் தட்டைக் காலணியோடு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளக்கச் சொல்லுங்கள். 32 அங்குலம் போல வரும், அதுதான் தொடக்க அளவு. ஆனால் ஆசாரியை 36 அங்குலமே விடச் சொல்லுங்கள். காம்பு தலைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்து அவர் பார்க்கட்டும். நீளத்தை இங்கே வந்து ஒரு மாதம் ஆடிப் பார்த்து, அரை அரை அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம்.