தேறாது என்று சொல்லிக்கொண்டே விதைக்கிறவர்கள்

(ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை நம்பிக்கை, அவநம்பிக்கை பற்றி வந்த கேள்விகள்.)

கேள்வி: மகளின் கல்லூரிப் பாடத்தில் புதுமைப்பித்தன் கதைகள் இருக்கின்றன. நானும் எடுத்துப் படித்தேன். இரண்டு நாள் மனசே சரியில்லை. வீட்டில் இருக்கிற துக்கம் போதாதென்று இதையும் ஏன் படிக்க வேண்டும்? – வாசகி, கும்பகோணம்

பதில்: எந்தக் கதை என்று நீங்கள் எழுதவில்லை. 'செல்லம்மாள்' என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள்தான் என் மேஜை ஓரம் நின்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் வரியிலேயே செல்லம்மாளுக்கு மூச்சு அடங்கிவிடுகிறது. பிழைப்பாளா மாட்டாளா என்ற எதிர்பார்ப்புக்கே ஆசிரியர் இடம் வைக்கவில்லை. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. நோயாளி மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். சமையலும் அவர்தான், மருந்தும் அவர்தான், விடிந்தால் கடைக்கும் ஓட வேண்டும். அவள் போன பிறகு வெந்நீர் வைத்து உடம்பைக் குளிப்பாட்டுகிறார். உயிர் இல்லாத உடம்புக்குப் பச்சைத் தண்ணீர் போதாதா என்று நமக்குத் தோன்றலாம். அவருக்குத் தோன்றவில்லை. பாசம், தாம்பத்தியம் என்று கதையில் யாரும் பிரசங்கம் செய்வதும் இல்லை.

தன் கதைகளின் பொதுக்குணம் நம்பிக்கை வறட்சி என்று புதுமைப்பித்தனே ஒப்புக்கொண்டவர்தான். 1948-ல், 42 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. இதையெல்லாம் வைத்து அழுமூஞ்சி எழுத்தாளர் என்று தீர்ப்பு எழுதினால் அந்த வெந்நீர் நம் கண்ணில் படாமலே போய்விடும். துக்கமாக முடிகிற கதை எல்லாம் நம்பிக்கை இல்லாத கதை என்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சலிப்பு தருவது வேறு சரக்கு: கடைசி அத்தியாயத்தில் லாட்டரி விழும், காணாமல் போன தம்பி காரில் வந்து இறங்குவான். நானும் அவற்றை விழுந்து விழுந்து படித்தவன்தான். ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: நம்பிக்கை என்றாலே பாரதியார்தானே? – வாசகர், சேலம்

பதில்: ஆமாம், ஆனால் 'புதிய கோணங்கி' பாட்டை முழுசாகப் படியுங்கள். குடுகுடுப்பைக்காரர் பாஷையில் வேதபுரத்தாருக்குக் குறி சொல்கிறார்: 'நல்ல காலம் வருகுது', சாதிகள் சேருது, சண்டைகள் தொலையுது. வேதபுரம் என்பது புதுச்சேரி. பிரிட்டிஷ் போலீசின் கைக்கு எட்டாமல் 1908 முதல் 1918 வரை அவர் ஒதுங்கியிருந்த ஊர். ஒற்றர்கள் பின்னாலேயே சுற்றினார்கள், கையில் காசு தங்கியதில்லை. அப்படி இருந்துவிட்ட மனிதர் நல்ல காலம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதே பாட்டில்தான், 'படிச்சவன் சூதும் பாவமும் பண்ணினால், போவான், போவான், ஐயோவென்று போவான்' என்ற சாபமும் வருகிறது.

எங்கள் தெருவுக்கு வருகிற குடுகுடுப்பைக்காரரும் இப்படித்தான். முதலில் நல்ல வார்த்தை, அப்புறம் 'ஒரு கண்டம் இருக்கு தாயி'. அதற்குள் நாம் பழைய வேட்டியைத் தேட ஆரம்பித்திருப்போம். பாரதி வேட்டி கேட்கவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் வாயில் எப்போதும் 'இது தேறாது' என்ற பேச்சுதான். மகன் பரீட்சை, வங்கிக் கடன், நாத்தனார் மகள் கல்யாணம், எதுவானாலும் அதேதான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. – வாசகி, விருதுநகர்

பதில்: அவர் வாயை விடுங்கள் அம்மா, கையைப் பாருங்கள். தேறாது என்று சொல்லிவிட்டு மகனின் ஹால் டிக்கெட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறாரா? கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தல்காரரோடு மல்லுக்கு நிற்கிறாரா?

நான் வேலை பார்த்தது பரமக்குடிப் பக்கம், வானம் பார்த்த பூமி. அங்கே புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழைக்குக் காத்திராமல், புரட்டாசி வாக்கில், காய்ந்த மண்ணை உழுது நெல்லை விதைத்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் முளைக்கும். தள்ளிப்போனால் எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம். அதைவிட மோசம், ஒரு தூறல் போட்டு முளைவிட வைத்துவிட்டு வானம் வெளுத்துப்போவது. முளை கருகிவிடும். மறுவிதைப்புக்கு மறுபடி விதைநெல், மறுபடி கடன்.

நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிற சம்சாரிகள் (அந்தப் பக்கத்தில் விவசாயிகளை அப்படித்தான் சொல்வார்கள்) வானிலைச் செய்தியில் விரலை வைத்து, 'இந்த வருசமும் ஏமாத்தத்தான் போகுது' என்பார்கள். வருஷம் தவறாமல் இதே வசனம். சொல்லுகிற ஆளின் கணுக்காலைப் பார்த்தால் புழுதி அப்பியிருக்கும், காலையில்தான் விதைத்துவிட்டு வந்திருப்பார். கண்மாய் நிரம்பும், கவலை வேண்டாம் என்று மைக்கில் பேசியவர்கள் யாரும் வரப்பில் நடந்து நான் பார்த்ததில்லை.

வாய்விட்டு நல்லது சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயமும் நம்மவர்களுக்கு உண்டு. குழந்தையின் கன்னத்தில் வைக்கிற கறுப்புப் பொட்டு மாதிரிதான் பாதிப் பேருடைய 'தேறாது'. ஆனால் சொல்லிவிட்டுக் கையைக் கட்டி உட்காருகிற ஆள் என்றால் அது வேறு சங்கதி. மகன் காதில் விழும்படி சொல்கிறார் என்றால் அதை மட்டும் கண்டித்து நிறுத்துங்கள். பரீட்சைக்குக் கிளம்புகிற பிள்ளைக்கு அது பொட்டாகத் தெரியாது.

கேள்வி: தன்னம்பிக்கை நூல்களால் பலன் உண்டா? – வாசகர், திருப்பூர்

பதில்: எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்த புத்தகம். எடுத்துப்போனவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். தேர்வானவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. சோர்ந்து படுத்திருக்கிற பையனை ஒரு புத்தகம் விடியற்காலையில் எழுப்பிவிட்டால் சரி, நல்லதுதான். நினைத்தால் நடக்கும் என்று ஓயாமல் சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. நடக்காதவன் சரியாக நினைக்கவில்லை என்றாகிவிடுகிறதே! ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் மனுப் போடுகிற ஊரில் அது அநியாயம்.

கேள்வி: சங்கப் புலவர்கள் எந்தக் கட்சி? – வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் பக்கத்து ஆளிடமே கேட்டுவிடலாம். திருப்பத்தூர் அருகே உள்ள மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்பார்கள். கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' மேடைக்கு மேடை ஒலிக்கிறது. நாலு வரி தள்ளிப் போகிறவர்கள் குறைவு. 'வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே, முனிவின் இன்னா தென்றலும் இலமே' என்கிறார். வாழ்க்கை இனிக்கிறது என்று துள்ளவும் மாட்டார், வெறுத்துப்போய்க் கசக்கிறது என்று சொல்லவும் மாட்டார். இரண்டு கட்சிக்கும் ஓட்டு இல்லை.

எனக்கு என்னமோ அவரைவிடப் பக்குடுக்கை நன்கணியாரைத்தான் பிடிக்கும். புறநானூறு 194. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. கணவனோடு இருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் விடுகிறாள். பார்த்துக்கொண்டே வந்தவர் கடவுளையே திட்டிவிடுகிறார், இதைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று! அதற்குப் பிறகுதான், 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே' என்கிறார். உலகம் கொடுமையானதுதான், அதைத் தெரிந்துகொண்டவர்கள் இனியவற்றைக் காணுங்கள் என்கிறார். ஆறுதலில் ஆரம்பித்திருந்தால் இந்தப் பாட்டை நான் நம்பியிருக்க மாட்டேன். 'இனிய' என்பதற்கு வீடுபேறு தரும் நல்ல செய்கைகள் என்று பழைய உரை சொல்கிறது. சொல்லட்டும். நான் அந்த இன்னொரு வீட்டு முழவையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வேலை போனதிலிருந்து என் நண்பன் யாரோடும் பேசுவதில்லை. என்ன புத்தகம் கொடுக்கலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புத்தகம் அப்புறம் தம்பி. தூக்கமும் சாப்பாடும் குறைந்து வாரக்கணக்கில் ஆகிறதென்றால் முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். கூடப் போய் உட்காருங்கள், அறிவுரை வேண்டாம்.

அவன் கொஞ்சம் தெளிந்த பிறகு, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கொடுத்துப் பாருங்கள். சென்னையைப் பார்க்க வந்த கடவுளிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா 25 ரூபாய் வசூலித்துவிடுகிற ஆள் நம் பிள்ளை. படிக்கப் பிடிக்கவில்லை என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். சந்தா கேட்கிற இடத்தில் மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள்.