ஏபிஎஸ் பெட்டி கட்டுவதற்கான பிளாஸ்டிக் சிமென்டை வீட்டிலேயே தயாரிக்கலாமா?

ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கின் 3 மி.மீ. தகடுகளை வெட்டிச் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குப் பெட்டி கட்டுவதாகவும், சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிய மூலைகள் திருகை முடுக்கும்போது பிரிந்துவிடுவதாகவும், இதற்குரிய பிளாஸ்டிக் சிமென்டை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோன் என்னும், சட்டென்று ஆவியாகும் கரைப்பானில் கரைத்தால் கிடைக்கும் குழம்புதான் நீங்கள் தேடுவது. பல ஆண்டுகளாக என் பெட்டிகளை இதைக் கொண்டே ஒட்டி வருகிறேன்.

சூப்பர் க்ளூ இரண்டு தகடுகளுக்கும் நடுவே தனியொரு படலமாக இறுகி நிற்கும். அந்தப் படலம் கண்ணாடியைப் போல முறியும் தன்மையுடையது என்பதால், தகடு சற்றே வளைந்தாலும் விட்டுவிடுகிறது. அசிட்டோன் செய்யும் வேலை வேறு. அது ஏபிஎஸ் பரப்பை இளக்கி, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அவிழ்த்துவிடுகிறது. இளகிய இரு விளிம்புகளையும் சேர்த்து அழுத்தினால், வேகவைத்த சேமியா இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைப் போல அந்தச் சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. பிறகு அசிட்டோன் ஆவியாகிப் போய்விட, இணைப்பில் எஞ்சுவது ஏபிஎஸ் மட்டுமே. ஒட்டுவது என்பதைவிடப் பற்றவைப்பது என்று இதைச் சொல்வதே பொருந்தும்.

ஆகவே, உங்கள் தகடு உண்மையிலேயே ஏபிஎஸ்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டி எறியும் துண்டின் மீது ஒரு சொட்டு அசிட்டோனை விட்டுச் சில நொடிகள் கழித்துக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இழுத்தால் இந்த முறை பயன்படும். எதுவும் ஆகாமல் வழவழப்பாகவே இருந்தால் அது பாலிஎத்திலீனாகவோ பாலிபுரொப்பிலீனாகவோ இருக்கக்கூடும். அவற்றை இந்தச் சிமென்டால் ஒட்டவே முடியாது. பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் அசிட்டோன் பட்டால் மயிரிழை போன்ற விரிசல்கள் விடும். குறிப்பாக, லேசரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்புகளில் வெப்பத்தால் இறுக்கம் தங்கியிருப்பதால் அவை சட்டென்று விரிசல் விட்டுவிடும். அக்ரிலிக்கை ஒட்டும் தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் டைகுளோரோமீத்தேன் என்ற நச்சுக் கரைப்பானை வீட்டில் கையாள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் வீட்டு உபயோகத்திற்கு அதை விற்பதையே தடை செய்தது.

அசிட்டோனை ரசாயனக் கடையில் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் தண்ணீர், எண்ணெய், வாசனைப் பொருள் எல்லாம் கலந்திருக்கலாம். தண்ணீர் சேர்ந்திருந்தால் ஏபிஎஸ் கரையாமல் திரிந்து நிற்கும். கரைப்பதற்கு அதே தகட்டின் வெட்டுத்துண்டுகளே சிறந்தவை, ஏனெனில் நிறமும் தானாகவே பொருந்திவிடும். அவை போதாவிட்டால் முப்பரிமாண அச்சுக்குரிய ஏபிஎஸ் இழையை நறுக்கிக்கொள்ளலாம். லெகோ கட்டைகளும் 1963 முதல் ஏபிஎஸ்ஸில் வார்க்கப்படுபவைதாம் என்பதால், சிவப்போ மஞ்சளோ வேண்டும்போது உடைந்த கட்டை ஒன்று கைகொடுக்கும். ஒளி ஊடுருவும் கட்டைகள் மட்டும் வேறு பிளாஸ்டிக்.

நான் இரண்டு பதங்களில் தயாரித்து வைத்துக்கொள்கிறேன். 50 மி.லி. அசிட்டோனில் 10 கிராம் ஏபிஎஸ் கரைந்தால் தேன் பதம் வரும். இது மூலைகளை இணைப்பதற்கு. அதே அளவு அசிட்டோனில் 20 கிராம் கரைந்தால் கெட்டி மாவுப் பதம் வரும். இது இடுக்குகளை நிரப்புவதற்கு. துண்டுகளை மொச்சைக்கொட்டையைவிடச் சிறிதாக நறுக்கி, உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, அசிட்டோனை ஊற்றி மூடி வையுங்கள். அரை மணி நேரத்தில் துண்டுகளின் ஓரங்கள் ஊறிய ஜவ்வரிசியைப் போல வழுவழுப்பாகும். மரக்குச்சியால் அவ்வப்போது கிளறிவிட்டு ஓர் இரவு விட்டால் கட்டியில்லாமல் கரைந்துவிடும். நிறமி சேராத ஏபிஎஸ் என்றால் குழம்பு தெளியாமல் பால்போலவே இருக்கும். அதிலுள்ள ரப்பர் துகள்கள் கரையாமல் மிதப்பதே அதற்குக் காரணம். அது கெட்டுப்போய்விட்டதாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். சீக்கிரம் கரையட்டும் என்று சூடாக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது.

அதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆனால் தீப்பற்றுவதற்குப் போதுமான ஆவியைப் பூஜ்ஜியத்திற்குக் கீழே 20 டிகிரி அளவிலேயே விடத் தொடங்கிவிடும். அந்த ஆவி காற்றைவிட இரு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்துபோய், அடுத்த அறையில் எரியும் பூஜை விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். நம்மைப் போன்றவர்கள் சாலிடரிங் செய்யும் மேசையிலேயே ஒட்டும் வேலையையும் வைத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தை விட்டு, மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறைகளை அசிட்டோன் விரைவில் ஊடுருவிவிடும் என்பதால், கையுறையில் சிந்தியவுடன் கழற்றி வேறு மாட்டிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

ஒட்டுவதற்கு முன்பு விளிம்புகளை 220-ஆம் எண் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, இரண்டு தகடுகளையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பிறகு தூரிகையால் இரு விளிம்புகளிலும் வெறும் அசிட்டோனைத் தடவி, பளபளப்பு மங்கிப் பிசுக்கு ஏறியதும் தேன் பதக் குழம்பை மெல்லியதாக இழுத்து, சேர்த்து அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். இணைப்பு நெடுகிலும் சிறு முத்துகளாகக் குழம்பு பிதுங்கி வந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது என்று பொருள். அந்த முத்துகளைத் துடைக்கத் துணியை எடுக்காதீர்கள். துடைத்தால் வெளிப்பரப்பும் இளகி, ஆறாத தழும்பாகிவிடும். மறுநாள் கூரிய பிளேடால் சீவினால் அழகாக வந்துவிடும். உட்புற மூலைகளில் 6 மி.மீ. சதுரப் பட்டைகளை வைத்து ஒட்டினால் ஒட்டும் பரப்பு பெருகும். உங்கள் திருகுப் பிரச்சினைக்கு உண்மையான தீர்வு இந்தப் பட்டைதான் என்று நினைக்கிறேன்.

பொறுமையின்றி நான் கெடுத்த பெட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இரவில் ஒட்டி, காலையில் சர்க்யூட் போர்டைப் பொருத்தி, மூடியை முடுக்கினேன். ஒரு வாரத்தில் பக்கத் தகடு இணைப்பை ஒட்டி உள்வாங்கிவிட்டது. மேலே தோல் போல இறுகியிருந்தாலும் உள்ளே அசிட்டோன் தங்கியிருந்து தகட்டை இளக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே பெட்டியில் 2 மி.மீ. இடுக்கை ஒரே தடவையில் நிரப்பியிருந்தேன்; காயக் காயச் சுருங்கி அது பள்ளமாகிவிட்டது. இப்போதெல்லாம் மெல்லிய அடுக்குகளாக ஒவ்வொரு நாள் இடைவெளியில் நிரப்புகிறேன். முழுப் பெட்டியையும் திறந்தபடியே இரண்டு நாள் காயவிட்ட பிறகே உள்ளே எதையும் வைக்கிறேன். தங்கிய ஆவி டிஸ்ப்ளேவின் பாலிகார்பனேட் முகப்பையும் பாழாக்கும் என்பதால் இந்த இரண்டு நாளைக் குறைக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டு இணைப்பின் மேல் வெண்மை படர்வதுண்டு; அப்போது வெயில் வரும் நாளுக்காகக் காத்திருப்பது நல்லது.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குவதாக இருந்தால் இந்தப் பெட்டி போதும். 230 வோல்ட் மின்மாற்றியை உள்ளேயே வைப்பதாக இருந்தால், சாதாரண ஏபிஎஸ் எளிதில் தீப்பற்றி எரியக்கூடியது என்பதால், எர்த் இணைத்த உலோகப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

மீந்த குழம்பின் புட்டியில் பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சில மாதங்களில் கெட்டியாகிவிட்டால் சிறிது அசிட்டோனை ஊற்றி ஓர் இரவு விடுங்கள், பழைய பதத்திற்கு வந்துவிடும்.