நாலு மாதப் பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 37. பதினான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். போன மாதம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவருக்குப் போனது. அன்று இரவே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசை பல வருடங்களாக இருக்கிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. வார இறுதிகளில் வெளிவேலை செய்தும் பார்த்துவிட்டேன். (ஒன்று நண்பருக்கு, காசு வாங்கவில்லை. இன்னொன்று ஒரு சிறிய நிறுவனத்துக்கு. முடித்துக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது, பணம் இன்னும் வரவில்லை. அது பெரிய விஷயமில்லை.)

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் எதுவும் உருப்படாது, குதித்துவிடு' என்கிறார் அண்ணன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்குத் துணிச்சல் போதவில்லையோ? நீங்களும் வேலையை விட்டு வந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்றது நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிய வரிகளில்தான். நாலு மாதமாகப் பணம் வரவில்லை, 'அது பெரிய விஷயமில்லை'. அதற்கு வருகிறேன்.

முதலில் அண்ணன். குதி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கரையில் நின்றுதான் சொல்வார்கள். ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து இதையே ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வேலையில் இருந்தபடியே தொழிலை ஆரம்பித்து, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தொழிலை மூடிவிட்டுப் போகும் வாய்ப்பு, ஒரே பாய்ச்சலில் குதித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. காரணம் எளிது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இந்தத் தொழில் நமக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடுகிறது. சரிப்படாதவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள், பெரிய நஷ்டமும் இல்லை. சேற்றில் ஒரு கால் இருந்தால் என்ன, கழுவிக்கொள்ளலாம்.

பதவி உயர்வு விஷயத்தில் உங்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப் 1834இல் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அதிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து எழுதிவிட்டு, அதன்பின் அலுவலக வேலையைப் பார்த்தவர். 1864இல் அவர் எதிர்பார்த்த பதவி வேறொருவருக்குப் போனது. கடுமையாகப் புண்பட்டார். அப்போதே அவர் பெயர்பெற்ற எழுத்தாளர், மறுநாளே வெளியேறியிருக்கலாம். ஆனால் ராஜினாமா செய்தது 1867இல். அறுபது வயதுவரை இருந்தால் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்கு ஈடான வருமானம் தரும் அளவுக்குச் சேமிப்பு சேரட்டும் என்று காத்திருந்தார். அந்த மூன்று வருடங்களில் கோபம் தணிந்ததா என்று தெரியாது. கணக்கு சரியாக இருந்தது. உங்கள் ராஜினாமாக் கடிதமும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், கெட்டுப்போகாது.

இனி அடைப்புக்குறி.

வேலையில் இருந்தவரை, நான் செய்த வேலைக்கும் என் கைக்கு வந்த பணத்துக்கும் நடுவில் ஓர் அறை இருந்தது. கணக்குப் பிரிவு என்று வாசலில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு பேர் நாள் முழுக்க யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். 'சார், அந்த பில் விஷயமா...' என்று ஆரம்பிப்பார்கள். எரிச்சலாக இருக்கும். கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்தது அந்தப் போன்களால்தான் என்பது, வெளியே வந்து மூன்றாவது மாதம்தான் உறைத்தது.

நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை ஒரு பெரிய கையேட்டைத் திருத்திக் கொடுப்பது. நல்லபடியாக முடித்தேன், பாராட்டினார்கள், பில் அனுப்பினேன். ஒரு மாதம் போயிற்று. நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தேன். அழித்தேன். 'நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்திக் காசு வாங்குகிறவனுக்கு, தன் காசைக் கேட்க நாலு வரி வரவில்லை. கடைசியில் அனுப்பியது 'நலம்தானே?' என்ற ஒரு வரி. நலம் என்று பதில் வந்தது. பணம் வர 97 நாள் ஆனது.

இது என் கூச்சம் மட்டுமில்லை, உலகத்து வியாதி. நியூயார்க் நகரத்தில் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்தது. தனியாளாக வேலை செய்து கொடுப்பவருக்கு, வேறு தேதி பேசிக்கொள்ளாவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அது. செய்த வேலைக்குக் கூலி கொடு என்பதை 2017இல் சட்டமாக எழுத வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இதை வைத்து உங்கள் ஆறு மாதக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் வேலை கிடைக்க ஒரு மாதம், செய்து முடிக்க ஒரு மாதம், பில்லுக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டாலும் முதல் காசு கைக்கு வருவது நாலாவது மாதக் கடைசியில். ஆக, ஏதாவது ஒன்று பிசகினால் சமாளிக்க உங்களிடம் இருப்பது இரண்டு மாதம்தான். மனைவி பேசாமல் இருப்பதற்கு நான் அர்த்தம் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தக் கணக்கை அவருடன் உட்கார்ந்து போட்டீர்களா? ஒருவேளை அவர் ஏற்கெனவே போட்டுவிட்டாரோ என்னவோ.

விலை சொல்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்தேன். சம்பளத்தை வருடத்தின் 260 வேலைநாட்களால் வகுத்து, அதுவே ஒரு நாள் கூலி என்று நினைப்போம். விடுமுறை, காய்ச்சல், குடும்ப விசேஷம் என்று ஆறு வாரம் கழித்தால் மிஞ்சுவது 230 நாள். அதிலும் ஆள் தேடுவது, விலை பேசுவது, பில் போடுவது, துரத்துவது என்று பத்தில் நாலு நாள் யாரும் காசு கொடுக்காத வேலைக்குப் போய்விடும். காசு வரும் நாட்கள் 138. அதாவது இன்றைய சம்பளம் மட்டும் வேண்டுமென்றாலே, நாள் கூலி நீங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காப்பீடு, கணினி, மென்பொருள் செலவெல்லாம் இதில் சேரவில்லை. அந்தத் தொகையை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உடனே 'குறைத்துக்கொள்ளலாம்' என்று நீங்களே சேர்க்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக வேண்டும். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இவ்வளவும் செய்தாலும் சம்பாத்தியம் கூடுமா? பார்டன் ஹாமில்டன் என்ற பொருளியலாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருடம் சொந்தத் தொழிலில் இருந்தவர்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்), அவர்கள் சம்பள வேலையில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்கிறார். இதுவும் அமெரிக்கக் கணக்குதான். இருந்தும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. நானும் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் யாரிடமும் கேட்காமல் தூங்கியவனுக்கு அதன் விலை தெரியும்.

துணிச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையை விட ஒரு நாள் துணிச்சல் போதும், அது உங்களிடம் இருக்கிறது. பாக்கியைக் கேட்க மாதாமாதம் வேண்டும். அது இருக்கிறதா என்று பார்க்க ராஜினாமா செய்யத் தேவையில்லை. வெளிவேலை செய்யக்கூடாது என்று உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் படித்துவிடுங்கள். அலுவலகக் கணினியில் வெளிவேலையைத் தொடவே தொடாதீர்கள்.

பிறகு அந்தச் சிறிய நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். 'நீங்கள் கேட்ட வேலையை முடித்துக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பணத்தை அனுப்பிவிடுங்கள்.' அவ்வளவுதான். தொந்தரவு, மன்னிப்பு, நேரம் கிடைக்கும்போது, எதுவும் வேண்டாம். பில்லே இன்னும் போடவில்லை என்றால் (அப்படித்தான் இருக்கும் என்று என் மனம் சொல்கிறது) முதலில் அதைப் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.